நள்ளாற்றில் இரண்டு பஞ்சாங்கங்கள்

காரைக்காலிலிருந்து மேற்கே ஐந்து கிலோமீட்டர் தொலைவில், அரசலாற்றின் பாசனத்தில் பச்சை விரிந்த வயல்களுக்கு நடுவே அமைந்திருக்கிறது திருநள்ளாறு. கும்பகோணத்திலிருந்து பேருந்தில் வருவோருக்கு ஐந்து நிலை இராசகோபுரம் தொலைவிலேயே தெரிந்துவிடும். தர்ப்பைப் புல் வனமாக இருந்த இடத்தில் சுயம்புவாகத் தோன்றிய ஈசன் ஆதலால் சுவாமிக்குத் தர்ப்பாரண்யேசுவரர் என்று திருநாமம். அம்பாள் போகமார்த்த பூண்முலையாள். பிராணாம்பிகை என்றும் அழைப்பர். மதுரையில் சமணரோடு நடந்த அனல்வாதத்தில் திருஞானசம்பந்தர் நெருப்பிலிட்ட ஏடு கருகாமல் பச்சையாகவே மீண்டது அன்றோ, அந்தப் பதிகம் இத்தலத்துக்கு உரியது. ஆகவே அதற்குப் பச்சைப் பதிகம் என்றே பெயர் நிலைத்தது. சப்தவிடங்கத் தலங்களில் இது நகவிடங்கத் தலம்; தியாகேசர் ஆடுவது உன்மத்த நடனம்.

இத்தனை சிறப்பும் இருக்க, திருநள்ளாறு என்றவுடன் பெரும்பாலோர் நினைவில் எழுவது சனி பகவானின் சந்நிதியே. அம்பாள் சந்நிதிக்குச் செல்லும் வழியில் ஒரு சிறிய மாடத்தில், கிழக்கு நோக்கி அவர் எழுந்தருளியிருக்கிறார். நிடத நாட்டு மன்னன் நளன் கால் கழுவியபோது பாதத்தில் நீர் படாமல் விட்ட சிறிதளவு இடத்தைப் பற்றிக்கொண்டு, நாட்டையும் மனைவி மக்களையும் இழக்கச் செய்த சனி, இத்தலத்து ஈசனைத் தரிசிக்க நளன் உள்ளே நுழைந்தபோது வாயிலிலேயே நின்றுவிட்டார் என்பது தல ஐதிகம். நளன் நீராடிய குளம் நள தீர்த்தம். பிடித்தவரும் விட்டவரும் ஒருவரே என்பதால் இங்கே வருகிற பக்தர் முகத்தில் அச்சமும் நம்பிக்கையும் சேர்ந்தே தெரிகின்றன.

2025 மார்ச் 29, சனிக்கிழமை. குரோதி ஆண்டின் பங்குனி அமாவாசை நாள். அன்று விடியற்காலையிலேயே நள தீர்த்தக் கரையில் வந்து இறங்கியவர்களில், கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து வந்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் அவருடைய மனைவியும் இருந்தனர். இளைய மகன் மகர ராசி, திருவோண நட்சத்திரம். 2017இல் தொடங்கிய ஏழரைச் சனியில் ஒரு வேலை போயிற்று. கைகூடும் வேளையில் இரண்டு வரன்கள் தட்டிப்போயின. சனி பகவான் அன்று கும்பத்தை விட்டு மீனத்துக்குப் பெயர்கிறார், மகர ராசிக்காரர்களுக்கு அன்றோடு ஏழரை முடிகிறது என்று தொலைக்காட்சியில் பல நாள்களாகச் சொல்லக் கேட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்கள்.

எண்ணெய் தேய்த்து நீராடி, ஈர உடை மாற்றி, எள் தீபத்துக்கான பொட்டலத்துடன் கோயிலுக்குள் நுழைந்தபோது ஆசிரியருக்குச் சிறிய ஐயம் எழுந்தது. சனிப் பெயர்ச்சி நாளென்றால் இந்த ஊரில் எறும்பு நுழைய இடமிராது. கூட்டம் இருந்தது, ஆனால் அது சனிக்கிழமைக் கூட்டத்தைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். பெயர்ச்சிக்குரிய சிறப்பு ஏற்பாடு எதுவும் கண்ணில் படவில்லை. வரிசையில் முன்னால் நின்றவர்தான் செய்தியைச் சொன்னார். திருநள்ளாறு கோயில் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவது. அதன்படி பெயர்ச்சி இந்த ஆண்டு இல்லை, 2026ஆம் ஆண்டில்தான் என்று கோயில் நிருவாகம் அந்த மாதமே அறிவித்திருந்தது.

அம்மையார் கணவரைப் பார்த்தார். "என்னங்க, அப்படியானால் நம் பிள்ளைக்கு இன்னும் முடியவில்லையா?"

இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால், பாரம்பரிய ஜோதிடம் எனப்படுவது எது, அதற்குள்ளேயே எத்தனை வழிகள் உள்ளன என்பதைச் சற்றுப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

பராசரர் பெயரால் வழங்கும் ஹோரை நூல், வராகமிகிரரின் பிருகத் ஜாதகம், மந்திரேசுவரரின் பலதீபிகை, தமிழில் கீரனூர் நடராசரின் ஜாதக அலங்காரம் ஆகியவற்றின் வழியே குருவிடமிருந்து சீடனுக்கு வந்த முறையையே நம் பெரியோர் பாரம்பரிய ஜோதிடம் என்கின்றனர். பன்னிரண்டு ராசி, இருபத்தேழு நட்சத்திரம், ஒன்பது கிரகம். ராசிக் கட்டமும் நவாம்சக் கட்டமும். நூற்றிருபது ஆண்டுகளை ஒன்பது கிரகங்களுக்கும் பங்கிடும் விம்சோத்தரி தசை. அன்றன்றைய கிரக நிலையைப் பிறந்த ராசியிலிருந்து எண்ணிப் பார்க்கும் கோசாரம். இவையே அதன் தூண்கள். இதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பலன் சொல்வது பாரம்பரியம் அன்று. சனி எங்கே இருக்கிறார் என்பது கோசாரத்தின் ஒரு பகுதி. கோசாரம் முழுமையின் ஒரு பகுதி. தொலைக்காட்சியில் காலை வேளையில் ராசிபலன் கேட்கும்போது இது எளிதில் மறந்துபோகிறது.

பாரம்பரியத்துக்கு வெளியே நிற்கும் பிரிவுகளுள் மிகத் தொலைவில் இருப்பது மேல்நாட்டு முறை. சூரியன் நிலநடுக்கோட்டைக் கடந்து வடக்கே திரும்பும் மார்ச் 20 அல்லது 21ஆம் தேதியையே அவர்கள் மேஷத்தின் தொடக்கமாகக் கொள்கிறார்கள். நம்மவர் விண்மீன்களைக் கொண்டு அளப்பதால் நமக்கு மேஷப் பிரவேசம் சித்திரை முதல் நாள். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள விலகலே அயனாம்சம். அது ஏறத்தாழ எழுபத்திரண்டு ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் வளர்ந்து, இன்று சுமார் இருபத்து நான்கு பாகையாக நிற்கிறது. ஏப்ரல் முதல் தேதி பிறந்த குழந்தை அவர்கள் கணக்கில் மேஷம், நம் கணக்கில் சூரியன் மீனத்தில். அவர்கள் ராசி என்று சொல்வது சூரியன் நின்ற ராசியை. நாம் சொல்வது சந்திரன் நின்ற ராசியை. ஆங்கிலப் பத்திரிகையின் ராசிபலனைத் தமிழ் ராசிக்குப் பொருத்திப் படித்துவிட்டுக் கலங்குவோர் இன்றும் உண்டு.

அருகில் இருப்பவையும் உண்டு. ஜைமினி முறையில் கிரகங்களுக்குப் பதிலாக ராசிகளே ஒன்றையொன்று பார்க்கின்றன. கிரகங்கள் நிற்கும் பாகையின் ஏற்றத்தாழ்வை வைத்து ஆத்மகாரகன் முதலிய பொறுப்புகள் வகுக்கப்படுகின்றன. காவிரிக்கரையில் திருவையாற்றில் 1908இல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணமூர்த்தி வகுத்த பத்ததி நட்சத்திரத்தை விம்சோத்தரி விகிதத்தில் ஒன்பது உட்பிரிவாகப் பகுத்து, அந்த உட்பிரிவின் அதிபதியைக் கொண்டே நடக்கும், நடக்காது என்று துணிந்து சொல்வது. தெற்கே பொருத்தம் பார்ப்பது பத்துப் பொருத்தம். வடக்கே முப்பத்தாறு குணம். நள்ளாற்றிலிருந்து ஒரு காலைப்பொழுதில் போய்த் திரும்பக்கூடிய வைத்தீசுவரன்கோயிலில் நாடி ஜோதிடம் வேறொரு வழியில் நடக்கிறது. அங்கே கணிதமே இல்லை. பெருவிரல் ரேகையைக் கொண்டு ஓலை தேடுகிறார்கள்.

ஆயினும் அன்று ஆசிரியர் தம்பதியைத் தடுமாறச் செய்தவை இவை எவையும் அல்ல. பலன் சொல்லும் நூல்கள் ஒன்றாகவே இருக்க, கிரகம் எங்கே நிற்கிறது என்று கணிக்கும் கணிதத்தில் ஏற்பட்ட பிரிவே அது. ஒரே பாரம்பரியத்துக்குள் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கங்கள்.

வாக்கியம் என்றால் சொற்றொடர். எழுத்துக்கு ஓர் எண் என்று வைத்துக்கொள்ளும் கடபயாதி முறையில், கிரகத்தின் நிலையைக் காட்டும் எண்களைப் பொருளுள்ள சிறு வடமொழித் தொடர்களாக்கி மனப்பாடம் செய்துகொள்வது இம்முறை. சந்திரனுக்கு இவ்வாறு 248 வாக்கியங்கள். ஏன் 248? சந்திரன் பூமிக்கு மிக அருகில் வந்து மீண்டும் அதே நிலைக்குத் திரும்ப ஏறக்குறைய இருபத்தேழரை நாள் ஆகிறது. அவ்வாறு ஒன்பது சுற்று முடியும்போது சரியாக 248 நாள் கணக்காகிறது. பிறகு வேகமும் மந்தமும் முன்போலவே திரும்பி வருகின்றன. வரருசி இயற்றியவை என்று மரபு கூறும் அந்த 248 தொடர்களையும் நெஞ்சில் நிறுத்திக்கொண்டு, கலியுகம் தொடங்கியதிலிருந்து சென்ற நாள் எண்ணிக்கையில் உரியதைக் கழித்து, மிச்சத்துக்கு எந்த வாக்கியம் என்று பார்த்தால் அன்றைய சந்திரன் கிடைத்துவிடுவார். கோணங்களின் அட்டவணை வேண்டா, பெருக்கல் வகுத்தலின் பெருங்காடு வேண்டா. ஏறக்குறைய 1300ஆம் ஆண்டையொட்டித் தமிழகத்தில் எழுந்த வாக்கியகரணம் என்னும் நூல் ஏனைய கிரகங்களுக்கும் இவ்வழியை வகுத்துத் தந்தது.

இதை வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைத்துவிட வேண்டா. வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடப்பதைக் காண்பதற்காகப் பிரான்சிலிருந்து வந்து, 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் இருந்ததால் கரையிறங்க முடியாமல் போய், 1769 வரை காத்திருந்து, அன்று மேகம் மூடிவிட ஏமாந்த லெ ழாந்தி என்னும் வானியலார் புதுச்சேரியில் ஒரு தமிழரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றார். 1765 ஆகஸ்டு 30ஆம் தேதி நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ் முறையில் கணித்ததில் பிழை 41 விநாடி. அன்றைய ஐரோப்பாவில் சிறந்ததெனப் போற்றப்பட்ட மாயரின் அட்டவணையில் பிழை 68 விநாடி. பின்னர் ஜான் வாரன் என்பவர், 1825இல் புதுச்சேரியிலேயே ஒரு பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளை வைத்து, எழுதாமலேயே, வாக்கியங்களை நினைவிலிருந்து சொல்லிக்கொண்டே ஒரு கிரகணத்தைக் கணித்ததைப் பதிவு செய்தார். கிரகணத் தொடக்கத்தை அவர் சொன்னதில் பிழை சுமார் நான்கு நிமிடம். முடிவில் பிழை ஏறத்தாழ ஐம்பது நிமிடம் வரை போயிற்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாரன் தம் நூலில் இரண்டையும் மறைக்காமல் எழுதினார்.

அந்த நான்கு நிமிடத்துக்கும் ஐம்பது நிமிடத்துக்கும் நடுவில்தான் இன்றைய வழக்கின் வேரே இருக்கிறது. சந்திரனின் ஓட்டத்தைச் சூரியனின் ஈர்ப்பும் அலைக்கழிக்கிறது. அந்த அலைக்கழிப்பு அமாவாசை, பௌர்ணமி நாள்களில் வாக்கியக் கணக்குக்குள் ஏறக்குறைய அடங்கிவிடுவது; அஷ்டமியை ஒட்டிய நாள்களில் அடங்காமல் விலகி நிற்பது. எனவே அமாவாசைத் தர்ப்பணத்துக்கு இரு பஞ்சாங்கத்துக்கும் பெரிய வேறுபாடு இராது. அஷ்டமி, நவமி திதிகளிலோ நான்கைந்து மணி நேரம் வரைகூட முன்பின் ஆகும். ஆசிரியரும் மனைவியும் நள தீர்த்தத்தில் நின்ற அந்தப் பங்குனி அமாவாசையன்று நிகழ்ந்த சூரிய கிரகணம் இந்தியாவில் தெரியவில்லை. ஆனால் அன்று அமாவாசை என்பதில் எந்தப் பஞ்சாங்கமும் மாறுபடவில்லை.

சனியின் கதை வேறு. சனி முப்பது ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக ஒரு சுற்று முடிப்பவர்; ஆண்டுக்குப் பன்னிரண்டு பாகை நடப்பவர். அவருடைய சராசரி வேகத்தில் ஓர் அணுவளவு பிழை இருந்தாலும், தீர்க்கப்படாமல் ஆண்டுதோறும் அடுத்த பேரேட்டுக்குக் கொண்டு செல்லப்படும் ஒரு சில்லறைத் தொகையைப் போல, நூற்றாண்டுகளில் அது பெருந்தொகையாகிவிடும். இன்று வானில் சனி நிற்கும் இடத்துக்கும் வாக்கியம் சொல்லும் இடத்துக்கும் ஏழு, எட்டு பாகை இடைவெளி உள்ளது. அதுவே எட்டு மாத நடை. வக்கிர காலமும் சேர்ந்துகொள்வதால் பதினொரு மாதமாக நீள்கிறது. தனுசிலிருந்து மகரத்துக்குச் சனி பெயர்ந்தது திருக்கணிதப்படி 2020 ஜனவரி 24. வாக்கியப்படி 2020 டிசம்பர் 27. மகரத்திலிருந்து கும்பத்துக்குத் திருக்கணிதத்தில் 2023 ஜனவரி 17, வாக்கியத்தில் 2023 டிசம்பர் 20. மீனத்துக்கு அங்கே 2025 மார்ச் 29, இங்கே 2026 மார்ச் 6. குருவுக்கு இத்தகைய தொல்லை இல்லை. 2025இல் மிதுனத்துக்குக் குரு பெயர்ச்சி வாக்கியத்தில் மே 11, திருக்கணிதத்தில் மே 14, மூன்றே நாள். ராகு கேதுவுக்கு ஏப்ரல் 26, மே 18 என்று மூன்று வாரம்.

வாக்கியத்தைத் திருத்த வேண்டும் என்ற எண்ணம் வெளியாரிடமிருந்து வந்ததன்று. வராகமிகிரர் தம் பஞ்சசித்தாந்திகையில் ஐந்து சித்தாந்தங்களை ஒப்பிட்டு, எது தெளிவுடையது, எது வெகுதூரம் விலகிவிட்டது என்று ஒளிக்காமல் சொன்னார். கேரளத்தின் பரமேசுவரர் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துக் குறித்து, பழைய கணக்கோடு ஒத்து வராததைக் கண்டு, 1431இல் திருக்கணிதம் என்ற பெயரிலேயே நூல் செய்தார். 'திருக்' என்பது பார்வை. பார்வைக்கு ஒத்த கணிதம் அது. சென்னை வானாய்வுக் கூடத்தில் பணிபுரிந்து, 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த சிந்தாமணி ரகுநாதாசாரி, நெற்றியில் திருமண் அழியாமலே தொலைநோக்கியில் பார்த்தவர். திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டவர். நாடு விடுதலை பெற்ற பின் 1952இல் மேகநாத சாஹா தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, சித்திரை விண்மீனை நேர் எதிரில் நிறுத்தி அளக்கும் அயனாம்சத்தைப் பரிந்துரைத்தது. இன்றைய திருக்கணிதப் பஞ்சாங்கங்கள் பெரும்பாலும் அதனையே ஏற்றுள்ளன.

அப்படியானால் திருநள்ளாறு ஏன் மாறவில்லை? கோயில் என்பது ஒரு நாள் வழிபாடு அன்று. பிரமோற்சவம், பெயர்ச்சி விழா, நித்திய பூசை, பாத்தியதைக்காரர் முறை எல்லாம் ஒரே கணக்கில் தலைமுறை தலைமுறையாகக் கோக்கப்பட்டவை. முன்னோர் எந்த நாழிகையில் தீபாராதனை செய்தார்களோ அந்த நாழிகையில் செய்வதே அங்கே நேர்மை. வானத்தில் சனி எங்கே நிற்கிறார் என்று தொலைநோக்கியில் பார்த்தால் திருக்கணிதமே சரி. இதில் வழக்காட இடமில்லை. ஆனால் வாக்கியத்தைப் பிழை என்று தள்ளிவிட்டுக் கோயிலுக்கு மட்டும் வருகிறவர்களும், திருக்கணிதத்தை வெள்ளைக்காரர் கணக்கு என்று இகழ்கிறவர்களும் பரமேசுவரரையும் அறியாதவர்கள், புதுச்சேரிச் சோழிக் கணிதரையும் அறியாதவர்கள். ஒரு குறையை மட்டும் சொல்லியாக வேண்டும். இரண்டு பெயர்ச்சிகளுக்கும் இரண்டு முறை அச்சமூட்டிப் பரிகாரம் எழுதிக் கொடுப்போர் சிலர் உளர். பக்தருக்கு ஏழரை ஆண்டே போதும். அதை எட்டரை ஆக்க வேண்டியதில்லை.

ஆசிரியர் வீட்டில் இந்த வேறுபாடு ஒரு திருமணத்தின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது. பெண் வீட்டார் மயிலாடுதுறைப் பக்கம். அவர்கள் ஜோதிடர் திருக்கணிதம். சனி விலகியாயிற்று, சித்திரையிலேயே முகூர்த்தம் வைக்கலாம் என்றார். பெண்ணின் பாட்டிக்கு எண்பத்தெட்டு வயது, படுக்கையில் இருக்கிறார். பேத்தியின் கழுத்தில் மாங்கலியம் ஏறுவதைப் பார்க்க வேண்டும் என்பது அந்த மூதாட்டியின் ஒரே ஆசை. ஆசிரியர் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாகப் பார்த்துவரும் ஜோதிடர் வாக்கியம். பாதச் சனி நடக்கிறது, மாசி கழியட்டும் என்றார். அதோடு நிற்கவில்லை. மகன் சித்திரை மாதத் தேய்பிறை அஷ்டமியை ஒட்டிப் பிறந்தவர். அந்த நாளில் சந்திரன் நிலையில் இரு பஞ்சாங்கத்துக்கும் ஒரு பாகை வேறுபாடு. திருவோணத்தில் ஒரு பாகை என்பது தசையிருப்பில் ஒன்பது மாதம். ஆகவே ஒரு ஜாதகத்தில் ராகு தசை சென்ற ஐப்பசியிலேயே முடிந்து குரு தசை நடக்கிறது. மற்றொன்றில் வரும் ஆடி வரையில் ராகு நீங்கவில்லை. ஒரே பிள்ளை, ஒரே பிறந்த நேரம், கையில் இரண்டு ஜாதகம். பெண் வீட்டார் முடிவு கேட்டு இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்கள்.

சனி பகவான் சந்நிதியில் அர்ச்சனை முடிந்து, கூட்டம் சற்றுத் தணிந்திருந்த வேளையில் ஆசிரியர் அங்கே இருந்த முதிய குருக்களிடம் மெல்ல விஷயத்தைச் சொன்னார். இன்றுதான் பெயர்ச்சி என்று எண்ணி வந்துவிட்டோம் என்று சொல்லும்போது அவர் குரலில் சிறிது வெட்கம் இருந்தது.

"அதனால் என்ன, சார்? பெயர்ச்சிக்குத்தான் இரண்டு பஞ்சாங்கம். சனிக்கிழமைக்கு ஒன்றே ஒன்றுதானே?" என்று குருக்கள் சிரித்தார். பிறகு பிள்ளையின் ராசியைக் கேட்டார். மகரம் என்றதும் விரல்களில் ஏதோ எண்ணினார்.

"கலியாணத்துக்குக் குரு பலம் பார்த்தீர்களோ? இப்போது குரு ரிஷபத்தில். மகரத்துக்கு ஐந்தாமிடம். இரண்டு, ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று என்பதுதானே கணக்கு? இது நல்ல இடம். மே மாதம் மிதுனத்துக்குப் போய்விட்டால் ஆறாமிடம். அப்புறம் ஏழாமிடமான கடகத்துக்கு நிலையாக வருவது அடுத்த வருஷம் நடுவில். சனி விலகட்டும் என்று காத்திருந்தால் கையிலிருக்கிற குருவைக் கோட்டை விடுவீர்கள்."

"சனி?"

"சனி வேலையை நடத்த விடாமல் தடுப்பவர் என்று யார் சொன்னார்? தாமதம் பண்ணுவார், உழைக்க வைப்பார். ஏழரைச் சனியில் கலியாணம் ஆனவர்கள் எத்தனை பேர் இங்கே பிள்ளை குட்டியோடு வந்து தீபம் போடுகிறார்கள். குரு விஷயத்தில் இரண்டு பஞ்சாங்கமும் மூன்று நாள்தான் வித்தியாசம். அந்த மூன்று நாளை ஒதுக்கிவிட்டு முன்னாலேயே முகூர்த்தம் பாருங்கள். உங்கள் ஜோதிடரிடமே கேளுங்கள், மறுக்க மாட்டார்."

ஆசிரியர் ஒன்றும் பேசவில்லை. பெண் வீட்டார் சித்திரை என்று வற்புறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது. தாம் இந்த ஆறு மாதமும் சனியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டோம் என்பதும் தோன்றியிருக்க வேண்டும். அம்மையார்தான் எள் தீபத்தை ஏற்றியவாறே, "பிறந்த மாதத்தில் செய்யலாமா?" என்று ஐயத்தை எழுப்பினார். மூத்த பிள்ளைக்குத்தான் அந்தத் தடை. இவன் இளையவன் என்பதை ஆசிரியரே நினைவூட்டினார்.

மூலவர் சந்நிதியில் தர்ப்பாரண்யேசுவரருக்கு அப்போது தீபாராதனை. சனியைத் தரிசிக்க வருகிறவர்கள் அவசரத்தில் சுவாமியைத் தரிசிக்காமலே திரும்பிவிடுவது இத்தலத்தில் காணும் வருத்தத்துக்குரிய வழக்கம். நளனைக் காத்தவர் ஈசன்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இருவரும் நெடுநேரம் அங்கே நின்றார்கள். தியாகேசரையும் அம்பாளையும் வணங்கி, இடையனுக்கு வழிவிட ஒதுங்கியதாக ஐதிகம் கூறும் பலிபீடத்தருகே வீழ்ந்து வணங்கி எழுந்தபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது.

வெளிப் பிராகாரத்தின் நிழலில் அமர்ந்து ஆசிரியர் முதலில் குடும்ப ஜோதிடருக்குத் தொலைபேசினார். மறுமுனையில் சிறிது நேரம் ஏடு புரளும் ஒலி. சித்திரையில் இரண்டு முகூர்த்த நாள்களை அவர் சொன்னார். இரண்டும் குரு பெயர்வதற்கு முன்னாலேயே. அவற்றில் எது பெண்ணின் நட்சத்திரத்துக்குத் தாராபலம் உள்ளது என்பதைப் பெண் வீட்டு ஜோதிடரும் பார்த்துவிடட்டும், தமக்கு மறுப்பில்லை என்றும் சொன்னார். வாக்கியத்தில் திதி மாறும் நேரம் வேறு, முகூர்த்த நேரத்தை இரண்டிலும் திதி ஒத்து வருகிற பொழுதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அவரே சேர்த்தும் சொன்னார்.

அடுத்த அழைப்பு மயிலாடுதுறைக்கு. பெண்ணின் தந்தை வயலிலிருந்து பேசினார். ஆசிரியர் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "இருங்க சம்பந்தி, அம்மா காதில் போட்டுவிட்டு வந்து பேசுகிறேன்" என்று அவர் ஓடியதுதான் கேட்டது.

சந்நிதித் தெருவில் விசுவாவசு ஆண்டுக்குரிய புதுப் பஞ்சாங்கங்கள் விற்பனைக்கு வந்திருந்தன. கடைக்காரர் பாம்புப் பஞ்சாங்கத்தை எடுத்து நீட்டிவிட்டு, திருக்கணிதமும் இருக்கிறது, எது வேண்டும் என்றார். அம்மையார் கணவரின் முகத்தைப் பார்த்தார். ஆசிரியர் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணினார். இரண்டையும் வாங்கிப் பிரசாதப் பையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு, கும்பகோணம் பேருந்தைப் பிடிக்க இருவரும் நடந்தார்கள்.